ரப்பர் குழாய் போட்ட வாரம்

பிரேக் டீச்சருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது லைசென்சில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி தெருவுக்கும், மாணவர்களுக்கும், கட்டிய கணவருக்கும் அவர் பிரேக் டீச்சர்தான்.

அவர் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றதும் கட்டடத்தைத் தேட வேண்டாம். பழைய சின்னக் கார் ஒன்று, அதன் கூரையில் ஒரு மஞ்சள் பலகை, வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த படம் ஒன்று, ஸ்கூல் முடிந்தது. காரில் கற்றுக்கொள்கிறவர் காலடியில் மூன்று மிதிகள் இருக்கும். பக்கத்தில் உட்காரும் டீச்சரின் காலடியில் ஒன்றே ஒன்று, பிரேக். அந்த ஒற்றை மிதியில் பாதம் வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு அது உடம்போடு ஒட்டிய பழக்கமாகிவிட்டது. வீட்டில் சாப்பிடும்போது பேச்சு சூடானால் மேஜைக்கு அடியில் அவருடைய கால் தரையை அழுத்தும். கணவர் அதைப் பார்த்துவிட்டால் சண்டையைப் பாதியில் நிறுத்திவிடுவார். பேக்கரியில் அடுப்போடு வேலை செய்கிற மனிதர், எங்கே அணைப்பது என்று அவருக்குத் தெரியும்.

டீச்சரிடம் பாடங்கள் இரண்டுதான். பதறாத காரியம் சிதறாது என்பது முதல் பாடம். பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேகம் என்பது இரண்டாவது. அந்தச் சமயம் அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒரு வங்கிக் காசாளர் இருந்தார். கட்டுக்கட்டாகப் பணத்தைக் கையாளும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டதும் வியர்த்துக் கொட்டும். அவர் ஓட்டினால் பின்னால் வரும் சைக்கிள்காரன் மணியடிப்பான். டீச்சர் அவருக்குத் தினமும் ஒரே மந்திரத்தை ஓதினார்.

"போர்டுல நாப்பதுன்னா நாப்பது, சார். ரொம்ப மெதுவாப் போறதும் தப்புதான். பின்னாடி வர்றவன் பொறுமையில்லாம முந்தப் பார்ப்பான், அங்கதான் ஆபத்து. போர்டை நம்புங்க. யோசிக்க வேண்டியவங்க யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்க."

காசாளர் தலையாட்டுவார். முள் மெல்ல மெல்ல, கடன் கேட்க வந்தவன் மாதிரி, நாற்பதை நோக்கி நகரும்.

இவர்கள் வீட்டுக்கு எதிரே ஓடுகிற சாலையின் மறுபக்கம்தான் பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் பள்ளிக்கு வாசல் பின்பக்கச் சந்தில் இருந்தது. ஒரு மழையில் பின்மதில் சரிந்தது. மதிலைக் கட்டியவர்கள் வாசலையும் சேர்த்து அடைத்துக் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாக் குழந்தைகளும் முன்பக்கச் சாலையைக் கடந்துதான் போக வேண்டும். சாலையோ வளைவுக்குப் பிறகு நேராக, அகலமாக, வழவழவென்று விரிந்து கிடக்கும். நாற்பது என்று பலகை இருந்தது. வளைவைத் தாண்டியதும் அதை யாரும் படிப்பதில்லை.

வெகுநாள் பள்ளி ஆயாதான் குழந்தைகளைக் கைபிடித்துக் கடத்திவிட்டுக்கொண்டிருந்தார். போன மழைக்காலத்தில் ஒரு டெலிவரி வேன் அவர் இடுப்பை உடைத்தது. ஆயா இப்போது மகன் வீட்டில் படுத்தே கிடக்கிறார். கேட்டுக்குப் பின்னால் அவர் உட்காரும் நாற்காலியை எடுத்துப் போடக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. அவர் இடத்தில் வேறு ஆள் போடவும் பள்ளிக்கு வழியில்லை.

டீச்சரின் ஒரே மகளை வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். எட்டு வயது. கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. வலது காது இரண்டு காதுக்கும் சேர்த்து வேலை செய்யும். பக்கத்து வீட்டில் மிட்டாய்க் காகிதம் பிரித்தால் இங்கே கேட்கும். ஆனால் வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடாது. பள்ளிக்குப் போகும்போது வளைவு அவளுக்கு இடப்பக்கம். திரும்பி வரும்போது வலப்பக்கம். வருவதில் பிரச்சினை இல்லை, போவதில்தான்.

அதனால் தினமும் காலை, நடந்துகொண்டிருக்கிற வகுப்பைப் பாதியில் நிறுத்தி, காரை ஓரமாகப் போடச் சொல்லி, மகளைக் கைபிடித்துக் கடத்திவிட்டு வருவார் டீச்சர். காசாளர் அதற்குள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வார். வாண்டுக்கு இது பெரிய மானப்பிரச்சினை. அவள் வகுப்பில் எல்லோரும் தோழிகளோடு கடக்கிறார்கள், அவள் மட்டும் அம்மா கையில் தொங்கிக்கொண்டு போகிறாள். பாதிச் சாலையிலேயே கையை உதறப் பார்ப்பாள். அவளாகவே ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்: உடம்பை முழுக்க வளைவின் பக்கம் திருப்பிக்கொண்டு, நல்ல காதை முன்னால் நீட்டி, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடப்பது. வீட்டுக் கூடத்தில் சோபாவைச் சாலையின் அக்கரையாக வைத்துக்கொண்டு மாலையெல்லாம் ஒத்திகை நடக்கும்.

"எப்பம்மா என்னைத் தனியா விடுவ?"

டீச்சர் யோசித்துத்தான் சொன்னார். "போர்டுல முப்பதுன்னு மாத்தட்டும். அன்னைக்கே நீ தனியாப் போகலாம்."

வாண்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குழந்தைகளிடம் கொடுத்த வாக்கு அடகுக்கடையில் வைத்த நகை மாதிரி, மீட்கும்வரை நினைவு இருந்துகொண்டே இருக்கும்.

முப்பது ஆக்குங்கள் என்று தெருவே சேர்ந்து மனுக் கொடுத்திருந்தது. தலைமை, முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர். இருமலுக்கு மருந்து கேட்டுப் போனால் அரசியலும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறவர். சாலை அலுவலகத்துக்கு அவர் நடந்த நடையில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது என்று அவரே சொல்லுவார், நாமும் நம்பிவைக்கலாம். கடைசியில் ஒரு நாள் காலை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சாலையின் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களைப் போட்டு ஆணியடித்தார்கள். குழாய்களின் நுனியை ஒரு இரும்புப் பெட்டியில் சொருகி, பெட்டியை விளக்குக் கம்பத்தோடு சங்கிலியால் பூட்டினார்கள். கூட வந்த இளம் எஞ்சினியர் விளக்கினார். சக்கரம் குழாயில் ஏறும்போதெல்லாம் பெட்டி அந்த வண்டியின் வேகத்தைக் குறித்துக்கொள்ளும். ஒரு வாரம் கிடக்கும். பிறகு அதைப் பார்த்து முடிவு.

தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் வாயால் சொன்னதை இனி பெட்டி சொல்லப்போகிறது. மருந்துக்கடைக்காரர் அன்று வந்தவர்களுக்கெல்லாம் தொண்டை மிட்டாய் இலவசமாகக் கொடுத்தார்.

மகிழ்ச்சி இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் கடையில் ஒரு கூட்டம் போட்டார். பிளம்பர் வந்தார், தையற்கடை அக்கா வந்தார், டீச்சரும் போனார். மருந்துக்கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு நாளாகக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தாராம். வளைவு திரும்பி வருகிறவன் குழாயைப் பார்த்ததும் போலீஸ் வேலையென்று பயந்து பிரேக் போடுகிறானாம். குழாய்மேல் பூனை மாதிரி ஏறி இறங்கி, தாண்டியதும் பறக்கிறானாம். பெட்டி என்ன குறித்திருக்கும்? இந்தத் தெரு சாதுக்கள் போகிற தெரு என்றுதான் குறித்திருக்கும். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று எல்லாப் பள்ளிக்கூடமும் ஒழுங்காகத்தானே இருக்கிறது?

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. டீச்சருக்கும்தான், அதை மறைப்பதற்கில்லை.

"அதனால," என்றார் மருந்துக்கடைக்காரர், "மத்த நாள்ல அவனுங்க போற வேகத்தை நாமதான் அந்தப் பெட்டிக்குக் காட்டணும். பொய் சொல்லலை. நடக்கிற உண்மையை நடிச்சுக் காட்டுறோம், அவ்வளவுதான்."

பிள்ளைகள் வகுப்புக்குள் இருக்கிற நடுப்பகல் நேரம், சாலை காலியாக இருக்கும்போது நம் வண்டிகளைக் கொண்டுபோய்க் குழாய்மேல் வேகமாக ஓட்ட வேண்டும், பல தடவை. பிளம்பர் தன் வேனைத் தருவதாகச் சொன்னார். தையற்கடை அக்காவின் கணவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. பிறகு எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். வேகமாக ஓட்டி, ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் திரும்பிக் கொண்டுவர இந்தத் தெருவில் வேறு யாருக்குத் தெரியும்?

டீச்சர் மாட்டேன் என்றார். ஊருக்கு உபதேசம் செய்கிறவள் தானே அதை மிதிப்பதா என்று கேட்டார். மேஜைக்கு அடியில் கால் அழுத்திக்கொண்டிருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை, ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போல வாண்டைக் கடத்திவிடப் போனார். அன்று பார்த்து அவள் கையை உதறிவிட்டாள். தன் நண்டு நடையை அம்மாவுக்குச் செய்துகாட்டி நம்பவைத்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். பக்கவாட்டில் நாலு எட்டு வைத்திருப்பாள், தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டில் கழன்று விழுந்தது. குனிந்து எடுக்கும் நேரம் வளைவிலிருந்து ஒரு வேன் வந்தது. டீச்சர் கத்தினார். கத்தியது எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் வாண்டு பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவரும் ஓரத்தில் வந்து விழுந்தார்கள். வேன் பாட்டில்மேல் ஏறிப் போயிற்று. குழாய் வரும் இடத்தில் மட்டும் ஒழுங்காக பிரேக் விளக்கு எரிந்தது, தாண்டியதும் அணைந்தது.

காரில் காசாளர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த பிரேக் விளக்கைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. குழந்தைக்குப் போடாத பிரேக்கை ரப்பருக்குப் போடுகிறான்.

அன்று வாண்டு பள்ளிக்குப் போகவில்லை. முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், சரி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வந்தார் டீச்சர்.

நடுப்பகலில் காரின் கூரையிலிருந்து மஞ்சள் பலகையைக் கழற்றி முன்னறை மேஜைமேல் வைத்தார். வீட்டில் தனியாக விட முடியாதென்று வாண்டைப் பின்னிருக்கையில் உட்கார்த்தி பெல்ட் போட்டார். வருடக்கணக்காகப் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து பழகியவர், அன்று ஓட்டுகிறவர் இருக்கைக்கு மாறினார். வளைவைத் தாண்டினார். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. மிதித்தார்.

முள் நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது. அந்தக் கிழட்டுக் காருக்குள் இப்படி ஒரு காரா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. குழாய் இரண்டும் டக் டக் என்று சக்கரத்துக்கடியில் அடித்தன. முள் அறுபதுக்கு மேலே நின்றது. கண்ணாடியில் பார்த்தால் வாண்டின் தலைமுடியெல்லாம் காற்றில் எழும்பி நிற்க, வாயெல்லாம் பல்.

"அம்மா, இன்னொரு தடவை."

முடிச்சுப் போட்ட மனம் எங்கோ அவிழ்ந்து டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் செத்துப் பிழைத்த பிள்ளை பின்னால் சிரிக்கிறது, காற்று முகத்தில் அடிக்கிறது, எந்த மாணவனும் பக்கத்தில் நடுங்கவில்லை. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவை போனார். பிறகு இன்னொரு தடவை. மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று கட்டைவிரலைக் காட்டினார். பின்னாலேயே பிளம்பரின் வேன் குழாய்ச் சத்தம், இரும்புச் சத்தம் எல்லாமுமாகக் கடகடத்து வந்தது. வாரம் முடிகிறவரை நடுப்பகல்களில் இதே வேலையாக இருந்தார்கள். மற்ற வண்டிகளைவிட இவர்கள் வண்டிகள்தான் குழாயில் அதிகம் ஏறியிருக்கும். மறுநாள் பள்ளிக்குப் போன வாண்டு, என்னை விட்டுவிட்டு ஓட்டாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

குழாயைக் கழற்றிக்கொண்டு போய்ப் பல வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மருந்துக்கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்தார். டீச்சர் ஒரு வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். இளம் எஞ்சினியருக்குச் சளி பிடித்திருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். மரியாதையான பிள்ளை, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, உங்கள் சாலையின் வேகம் மாறப்போகிறது என்றார்.

மருந்துக்கடைக்காரர் டீச்சரைப் பெருமையாகப் பார்த்தார்.

எத்தனை என்று டீச்சர் கேட்டார். அறுபது என்றார் எஞ்சினியர்.

இருவருக்கும் அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எஞ்சினியர் பொறுமையாக விதியைச் சொன்னார். ஒரு சாலையில் பெரும்பாலானவர்கள் எந்த வேகத்தில் போகிறார்களோ, அந்த வேகம்தான் அந்தச் சாலைக்கு இயல்பான வேகம். பலகை அதை ஒட்டி இருக்க வேண்டும்.

"ரொம்பக் குறைச்சு வெச்சா பாதிப் பேர் மெதுவாப் போவாங்க, மீதிப் பேர் பொறுமையில்லாம முந்தப் பார்ப்பாங்க, மேடம். அங்கதான் ஆபத்து. நீங்க டிரைவிங் சொல்லித் தர்றவங்க, உங்களுக்கே தெரியும்."

டீச்சருக்குத் தெரியும். அதே வார்த்தைகளைத் தினமும் காலையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மருந்துக்கடைக்காரர் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டார். பள்ளி இருக்கிற சாலைக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். எஞ்சினியர் வரைபடத்தை விரித்தார். அதில் பள்ளியின் வாசல் பின்பக்கச் சந்தில் இருந்தது. சந்துக்கு இருபது என்று எப்போதோ போட்டுவைத்திருக்கிறார்கள். அந்தச் சந்தில் இப்போது ஒரு பூனைகூடப் போவதில்லை. முன்வாசலை வரைபடத்தில் ஏற்றுவது வேறு இலாகா. அதற்குப் பள்ளி எழுத வேண்டும். பின்மதில் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று வழக்கு நடப்பதால், அது முடியும்வரை பள்ளி எழுத முடியாது.

அப்போதுதான் டீச்சர் சொன்னார். மருந்துக்கடைக்காரர் இருமிப் பார்த்தார், அவர் நிறுத்தவில்லை.

"அந்த வேகமெல்லாம் நாங்க ஓட்டினது, சார். நாங்கதான் வேணும்னே போனோம். நான்தான் நிறைய தடவை போனேன்."

எஞ்சினியர் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். பெட்டியிலிருந்து வந்த கணக்கைத் திரையில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு ஒரு மாதிரிச் சின்னக் குரலில் கேட்டார்.

"ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க? முதல் மூணு நாள் எல்லாரும் முப்பதுலதான் போயிருக்காங்க. அப்படியே வாரம் முழுக்க இருந்திருந்தா, போர்டை முப்பதாக் குறைக்கச் சொல்லி நானே எழுதியிருப்பேன்."

மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சரின் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தத் தரைக்கடியில் எந்த பிரேக்கும் இல்லை.

எங்கள் வண்டிகளைக் கழித்துவிடுங்கள் என்று கேட்டார். எப்படிக் கழிப்பது, பெட்டிக்குச் சக்கரம்தான் தெரியும், ஆள் தெரியாது என்றார் எஞ்சினியர். என் பொண்ணு தினமும் கடக்கிற சாலை, திரும்ப ஒரு வாரம் குழாய் போடுங்கள் என்று கேட்டார். அந்தப் பெட்டி எல்லாச் சாலைக்கும் சேர்த்து ஒன்றுதான், சுற்றி முடித்துத் திரும்பி வருவதற்குள் உங்கள் பொண்ணு காலேஜ் போய்விடுவாள் என்றார், அவருக்கே வருத்தமாக. நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள் என்றார் டீச்சர். எழுதினால் உங்கள் ஸ்கூல் லைசென்ஸ் போகும், பலகை மட்டும் மாறாது, அதனால் என் காதில் ஒன்றும் விழவில்லை என்று சொல்லிவிட்டு அவர் பலமாகத் தும்மினார்.

வெளியே வந்து படியிறங்கும்போது மருந்துக்கடைக்காரர், சொந்தக் காசிலே சூனியம் வைத்துக்கொண்டோமே டீச்சர் என்றார்.

மாலை பேக்கரியிலிருந்து வந்த கணவரிடம் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கைவிரல் இடுக்கில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "மாவு பொங்கி வழியுதுன்னா நான் மாவைக் குறைப்பேன். இவங்க பெரிய பாத்திரம் வாங்குறாங்க," என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. என்னால் வந்ததுங்க, என் காலால் வந்தது என்றார். கணவருக்கு ஆறுதல் சொல்ல வராது. எழுந்துபோய் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டார், அதில் சர்க்கரை போட மறந்தார், இருவரும் அதைக் குடித்தார்கள். கூடத்தில் வாண்டு சோபாவை நோக்கிப் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தாள். இப்போது முன்னைவிட வேகமாக வந்தது அவளுக்கு.

பலகை மாற்ற ஆட்கள் ஒரு காலையில் வந்தார்கள். பழைய நாற்பதைக் கழற்றி வேனில் போட்டுவிட்டு, புதியதை மாட்டி, துணியால் துடைத்தார்கள். டீச்சர் மகளைக் கைபிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றிருந்தார். இதைப்பற்றி வாண்டிடம் எப்படிச் சொல்வது என்று பல நாளாக ஒத்திப்போட்டுக்கொண்டே வந்திருந்தார். வாண்டு அண்ணாந்து பார்த்து வாய்விட்டுப் படித்தாள்.

"அறுபது. அம்மா, இது நாம போனதுதானே? அன்னைக்கு முள் அங்கதானே நின்னுச்சு?"

ஆமாம் என்றார் டீச்சர்.

"நம்ம வேகத்தையா போர்டுல போட்டிருக்காங்க?" அவள் முகத்தில் ஒரு நிமிடம் அப்படி ஒரு பெருமை. தன் பெயரையே எழுதி மாட்டியதுபோலப் பார்த்தாள். பிறகு கணக்கில் கெட்டிக்காரியான அந்தப் பிள்ளைக்கு முப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பலகையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது டீச்சருக்கு.

அந்தச் சாலை லைசென்ஸ் தேர்வு நடக்கும் பாதையிலும் இருந்தது. மெதுவாகப் போனால் மதிப்பெண் குறையும். காசாளரின் தேர்வுக்கு நாள் நெருங்கியதால், பிழைப்பைப் பார்க்க வேண்டியிருந்ததால், டீச்சர் அவரை அறுபதுக்குப் பழக்கினார். வளைவு தாண்டியதும் மிதியுங்கள் சார், தயங்காதீர்கள் சார் என்று சொன்னபோது குரல் அவருடையது மாதிரியே இல்லை. பள்ளி கேட்டைக் கடக்கும்போது இரண்டு முறை டீச்சரின் கால் தானாக பிரேக்கை அழுத்திவிட்டது. நான் தப்பு செய்துவிட்டேனா டீச்சர் என்று காசாளர் பயந்துபோய்க் கேட்டார். இல்லை சார், நீங்கள் சரியாகத்தான் போகிறீர்கள் என்று சொல்லி அவர் காலை எடுத்துக்கொண்டார். காசாளர் முதல் தேர்விலேயே தேறினார். இனிப்பு வாங்கி வந்து கொடுத்தார்; மனைவி நம்பவே இல்லையாம்.

இப்போது நடக்கிற வகுப்பில் ஒரு நர்ஸ் கற்றுக்கொள்கிறார். காலையில் அவரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு டீச்சர் இறங்கினார். வாண்டு பையை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் தயாராக நின்றாள். புது பாட்டிலைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். சாலையோரம் வந்து நின்றார்கள்.

வளைவிலிருந்து ஒரு புதுக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் காசாளர். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் டீச்சர் சொல்லிக்கொடுத்த இடத்தில் இருந்தன. முதுகு நிமிர்ந்திருந்தது, பெல்ட் போட்டிருந்தார், கண்ணாடியைப் பார்த்தார், பாதையை விட்டு ஒரு விரற்கடை விலகவில்லை. முகத்தில் பயமே இல்லை. ஓரத்தில் டீச்சரைக் கண்டதும் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் மரியாதையாக அசைத்தார். சரியாக அறுபது. தேர்வாளர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு மதிப்பெண்கூடக் குறைத்திருக்க மாட்டார். அந்தக் காற்றில் வாண்டின் பாவாடை முழங்காலில் அறைந்தது. இடப்பக்கமிருந்து வந்ததால், கார் கண்ணுக்கு முன்னால் வரும்வரை அவளுக்கு அது தெரியவே இல்லை. தெரிந்தபோது திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லோரும் சட்டப்படி போனார்கள். எதிர்ப்பக்கம் கேட்டுக்குள் ஆயாவின் நாற்காலி தெரிந்தது. மணி அடித்துவிட்டது.

சாலை கொஞ்சம் காலியானது. டீச்சர் மகளின் கையைப் பிடிப்பதற்காகக் குனிந்தார். அவர் குனிவதற்கு முன்பே வாண்டு தன் கையை நீட்டி வைத்திருந்தாள். நேராக முன்னால் பார்த்து நின்றாள், உடம்பை எந்தப் பக்கமும் திருப்பவில்லை. நடுச்சாலை தாண்டியும் அவள் கையை உதறவில்லை.